உலக்கை போன செக்கு

இடிந்த கோயிலுக்கும் இடிந்த கோட்டைக்கும் நம் மனதில் எப்போதோ இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஓய்ந்துபோன ஆலைக்கு அப்படி ஓர் இடம் இன்னும் அமையவில்லை. சில காலமாக இந்த எண்ணம் விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது. செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்க்கிறவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மதிலைப் பார்த்ததுமே முற்றுகை நினைவுக்கு வருகிறது, தேசிங்கு நினைவுக்கு வருகிறான். 2025 ஜூலையில் மராட்டியர் படைத்தலங்களின் வரிசையில் செஞ்சியையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வரிசையிலுள்ள 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது அது ஒன்றுதான். நல்ல செய்தி, வர வேண்டிய செய்தி. ஆனால் அந்தக் கோட்டையின் நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்து, குளிர்ந்த இருட்டில் வவ்வால் வாடையோடு சற்று நேரம் நின்றால் மதில் எழுப்பாத கேள்விகள் எழுகின்றன. இங்கே கொட்டிய நெல்லைக் குத்திய உரல்கள் எங்கே? இத்தனை பேர் தலைக்குத் தேய்த்ததும் தாளித்ததும் இரவெல்லாம் எரித்ததுமான எண்ணெயை ஆட்டியது யார்? சேர்த்து வைத்த இடம் நிற்கிறது, காவல் காத்த இடம் நிற்கிறது. குத்திய இடமும் ஆட்டிய இடமும் தேடினால்தான் கிடைக்கும், தேடுவதற்கும் யாருக்கும் தோன்றுவதில்லை. பாழடைந்த கோயிலில்கூட ஒரு கிழவி வந்து விளக்கேற்றிவிட்டுப் போவாள், அதன் வேலை முழுதாக நின்றுபோவதில்லை. ஆலை அப்படியல்ல. ஆட்டுவது நின்றதும் அதன் முன்னால் நிற்கிறவருக்குக் கும்பிடுவதா, அளப்பதா, ஒதுக்கித் தள்ளுவதா என்று கை தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தைப் பற்றித்தான் இங்கே யோசிக்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிய ஓர் ஊரில் ஒரு கல்செக்கு கிடக்கிறது. இந்த வட்டாரத்தில் இப்படிச் செக்கு கிடக்கும் ஊர்கள் பல என்பதால் ஊர்ப்பெயர் அவ்வளவு முக்கியமில்லை. வேப்பமரத்தடியில் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்து, முழங்கால் உயரம் மட்டும் வெளியே தெரிகிறது. ஒரே கருங்கல்லில் குடைந்தது. வெளிப்பக்கத்தில் உளித் தடங்கள் இன்னும் சொரசொரப்பாக இருக்கின்றன, கை வைத்தால் தோலை இழுக்கும். உள்ளே கையை விட்டால் வேறு கல்லோ என்று தோன்றும். அவ்வளவு வழவழப்பு. உளியால் வந்த வழவழப்பு இல்லை அது. கொத்தி முடித்த சிற்பி விட்டுப்போனபோது உட்புறமும் வெளிப்புறத்தைப் போலத்தான் இருந்திருக்க வேண்டும், பிறகு உலக்கை சுற்றிச் சுற்றி எள்ளும் எண்ணெயும் சேர்ந்து இழைத்து இழைத்து வந்தது. குழியின் அடியில் வேப்பிலைச் சருகு, பழைய மழைத்தண்ணீர், ஒரு சோடா மூடி. விளிம்பில் சாய்வாகச் சில பள்ளங்கள் இருக்கின்றன. முதலில் அவை எண்ணெய் வழிய வெட்டிய வாய்க்கால் என்று நினைக்கத் தோன்றும். விரலை ஓட்டினால் தெரிந்துவிடும், அவை அரிவாள் தீட்டித் தீட்டி விழுந்தவை. எண்ணெய் ஆட்டுவது நின்ற பிறகும் அறுப்புக்குப் போகிறவர்கள் இந்தக் கல்லை விடவில்லை. எத்தனையோ தை மாதங்கள் விடிகாலையில் இங்கே குந்தி அரிவாளைத் தீட்டிக்கொண்டு வயலுக்கு இறங்கியிருக்கிறார்கள். இந்தச் செக்கில் எழுத்து எதுவும் இல்லை. அதாவது, உளியால் வெட்டிய எழுத்து இல்லை.

செக்கு என்று நாம் சொல்லும் இந்தக் கல், செக்கில் ஒரு பாகம்தான். குழிக்குள் சாய்ந்து நின்று சுற்றிய உலக்கை மரம். உலக்கையின் தலையோடு பிணைந்து மாட்டின் நுகத்தோடு சேர்ந்த தடி மரம். பாரம் ஏற்றிய பலகையும் மரம், அதன்மேல் கல்லை வைப்பார்கள் அல்லது ஆட்டுகிறவரே ஏறி உட்கார்ந்துகொள்வார். எள்ளைக் கொட்டி, இடையிடையே தண்ணீர் தெளித்து, கருப்பட்டி சேர்த்து ஆட்ட ஆட்ட, பிண்ணாக்கு குழியின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் நடுவில் ஊறி நிற்கும். கீழே துளை இல்லாத பழைய செக்குகளில் அந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துப் பிழிய வேண்டும். உலக்கை மட்கியிருக்கும் அல்லது அடுப்புக்குப் போயிருக்கும். துணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும்விடப் பெரிய பாகம் ஒன்று உண்டு, மாடு நடந்த வட்டம். நாள் முழுக்க ஒரே தடத்தில் நடந்து நடந்து இறுகிப்போன அந்த மண்வட்டம் இல்லாமல் செக்கு இல்லை. மாட்டை அவிழ்த்த வருஷமே ஒரு புரட்டாசி மழையில் அது கரைந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் நெருஞ்சி முளைத்திருக்கிறது, பக்கத்தில் மின்கம்பம். ஆக, நாம் பாழடைந்த ஆலை என்று சொல்வது ஆலையின் அசையாத பாகத்தை மட்டும். அசைந்தவை எல்லாம், மரமும் மாடும் ஆளும், ஒன்று விடாமல் போய்விட்டன. அசையாமல் இருந்ததே ஒரு பொருளை மிஞ்ச வைக்கிறது என்றால், மிஞ்சியதை வைத்துக்கொண்டு நாம் எழுதும் வரலாறு அசைந்தவர்களுக்கு எவ்வளவு நியாயம் செய்ய முடியும் என்ற சந்தேகம் அங்கேயே தொடங்குகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்று அதே வட்டாரத்தில், சங்கராபரணி ஆற்றுப் பக்கம், திருவக்கரையில் கிடக்கிறது. அங்கே மரம் கல்லாகியிருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940இல் அமைத்த தேசியக் கல்மரப் பூங்கா, மொத்தம் 247 ஏக்கர். நமக்குப் பாலைவனம் கிடையாது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் அந்தச் செம்மண்ணில், கூழாங்கல் காலைச் சுட, நிழலுக்கு ஒரு பனையைத் தேடி நிற்கும்போது பாலை என்பது தூரத்து நாட்டின் சொத்து இல்லை என்று புரியும். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்கள் மணலுக்குள் புதைந்தன. நீரில் கரைந்த சிலிக்கா அணு அணுவாக மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கிளையோ வேரோ இலையோ இல்லாமல் அடிமரங்கள் மட்டும் கிடப்பதால்தான் அவை அங்கே வளர்ந்தவையல்ல, வேறெங்கிருந்தோ உருண்டு வந்தவை என்று சொல்கிறார்கள். குனிந்து பார்த்தால் வளையங்கள் தெரிகின்றன, கணு தெரிகிறது, பிளந்த இடத்தில் நார் ஓடிய திசைகூடத் தெரிகிறது. தட்டினால் கல்லின் ஓசை. வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊரில் ஒரு சொல் உண்டு. அதைப் பொய் என்று ஒதுக்க மனம் வருவதில்லை, இவ்வளவு பெரிதாக ஏதோ ஒன்று இங்கே விழுந்து கிடக்கிறது என்பதை ஊர் தன் வழியில் சொல்லியிருக்கிறது. இந்த மரங்களில் சில இன்றைய புளியின் குடும்பத்தோடு உறவுடையவை என்கிறார்கள். செக்குக்கும் உலக்கைக்கும் ஏற்ற மரங்களில் புளியும் ஒன்று. புளியமரத்தின் தூரத்து உறவு 2 கோடி ஆண்டு நிலைத்துக் கிடக்க, புளியங்கட்டையில் கடைந்த உலக்கை நூறு ஆண்டுகூட நிலைக்கவில்லை. கல்மரத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள், காவலர் இருக்கிறார், ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டாலும் குற்றம். அது சரியான சட்டம், இன்னும் கடுமையாக இருந்தாலும் தகும். ஆனால் மனிதர் கை பட்டுத் தேய்ந்த கல் வேலிக்கு வெளியே, ஏரிக்கரையில், சோடா மூடியோடு கிடக்கிறது. எவ்வளவு பழையது என்பதை வைத்தே ஒன்றின் மதிப்பை அளக்கிறோமோ என்ற கேள்வி அங்கிருந்து திரும்பும் வழியெல்லாம் கூடவே வருகிறது.

வேலிக்குள் ஓர் ஆலை இருக்கும் இடமும் உலகில் உண்டு. கலிபோர்னியாவின் ஜோஷுவா மரத் தேசியப் பூங்காவில், பாலை மணலுக்கும் உருண்டைப் பாறைகளுக்கும் நடுவே, வால் ஸ்ட்ரீட் மில் என்ற பெயரில் தங்கக் கல்லை இடிக்கும் ஆலை நிற்கிறது. பில் கீஸ் என்ற குடியேறி 1930களில் நடத்தியது. இரும்பு உலக்கைகள் இரண்டு மேலெழும்பி விழுந்து பாறையைப் பொடியாக்கும், பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பாதரசம் பூசிய தகட்டின் மேல் ஓடவிட்டால் தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். மழை குறைந்த நிலம் என்பதால் மரச்சட்டங்கள்கூட மட்காமல் நிற்கின்றன. 1975இல் அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் அது சேர்ந்தது. அந்த ஆலைக்குப் போகும் பாதை யாருடையது என்ற தகராறில் 1943 மே 11 அன்று கீஸ் தன் அண்டை நிலத்துக்காரரான வொர்த் பேக்லியைச் சுட்டுக் கொன்றார். தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொன்னார், நீதிமன்றம் ஏற்காமல் சிறைக்கு அனுப்பியது. பெரி மேசன் கதைகளை எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் அவருக்காக வாதாடி எழுதினார், 1956இல் மன்னிப்பு கிடைத்தது. பேக்லி விழுந்த இடத்தில் கீஸ் ஒரு கல்லை நட்டு, விழுந்தவர் பெயரையும் வீழ்த்திய தன் பெயரையும் தேதியையும் அதில் வெட்டி வைத்தார். பூங்காவுக்குப் போகிறவர்கள் ஆலையைப் பார்க்கும் வழியில் அந்த இடத்தைக் கடந்துதான் போகிறார்கள். ஆலை இடித்த பாறைக்கு அங்கே கல்வெட்டு இல்லை, ஆலைக்காக நடந்த கொலைக்கு இருக்கிறது. அந்த விஷயத்தைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நம் செக்குகளில் உள்ள எழுத்துகளையும் வேறு கண்ணோடு படிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு முழுக்கக் கல்வெட்டுள்ள செக்குகள் உண்டு. சோழர் காலம் தொடங்கி நாயக்கர் காலமும் தாண்டி அந்த வழக்கம் நீண்டிருக்கிறது. பெரும்பாலும் விளிம்பைச் சுற்றி ஒரு வரி, இரண்டு வரி. இன்ன ஆண்டில், இன்னாருக்குப் புண்ணியமாக, இன்னார் செய்து வைத்த செக்கு. அதாவது கொடுத்தவர் பெயர். அதைக் கொத்திய தச்சன் பெயர் அபூர்வம், ஆட்டியவர் பெயர் அதனினும் அபூர்வம். எண்ணெய் கோயில் விளக்குக்குப் போனது. விளக்கு என்றால் சோழர் கல்வெட்டுகளில் ஒரு பெரிய ஏற்பாடே உண்டு: ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், அவை சாவா மூவாப் பேராடுகள், செத்ததற்கு ஈடாகக் குட்டி சேர்ந்துகொண்டே இருக்கும், நாள்தோறும் உழக்கு நெய் வந்துகொண்டே இருக்க வேண்டும். அங்கே ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையரின் பெயர் பல கல்வெட்டுகளில் எழுதப்பட்டிருக்கிறது. அது என் எண்ணத்துக்கு எதிரான சாட்சி, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்தப் பெயர் ஏன் அங்கே இருக்கிறது என்று பார்த்தால், நெய் அளக்கத் தவறினால் பிடித்துக் கேட்பதற்காக. கொடுத்தவர் பெயர் புகழுக்காக நிற்கிறது, கடன்பட்டவர் பெயர் பொறுப்புக்காக நிற்கிறது. செக்குக்கு வரி வேறு இருந்தது, செக்கிறை என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. திருவக்கரையிலேயே செம்பியன் மாதேவி எழுப்பிய கற்றளி இருக்கிறது. செங்கல் கோயில்களைக் கல்லாக்கிய அரசி என்று அவரை நாம் நன்றியோடு நினைக்கிறோம், அந்த நன்றி உண்மையானது. அப்படிப்பட்ட கருவறைகளில் எரிந்த சுடருக்கு எள் விதைத்து, அறுத்து, உலர்த்தித் தட்டிய கைகளில் பல, அந்தச் சுடரைப் பார்க்கவே அனுமதி இல்லாதவர்களின் கைகள். 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும் வரை சட்டமே அந்தக் கதவை முழுதாகத் திறந்துவிடவில்லை. செக்கின் விளிம்பில் உள்ள புண்ணியம் என்ற சொல்லைப் படிக்கும்போது யாருக்குப் புண்ணியம் என்று கேட்காமல் கடக்க முடிவதில்லை.

ஆட்டியவர் பெயர் ஊரறிய நிற்கும் செக்கு ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. கோயம்புத்தூர் சிறையில் வ.உ. சிதம்பரனார் இழுத்த செக்கு. 1908இல் தண்டிக்கப்பட்டு அங்கே அடைக்கப்பட்டவரை, மாடு பூட்ட வேண்டிய இடத்தில் பூட்டினார்கள். கப்பல் ஓட்டியவர் செக்கிழுத்தார் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் செக்கை இன்று நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறோம், அதன் முன்னால் நிற்கிற யாருக்கும் கண் கலங்காமல் இருக்காது. ஆனால் அந்தக் கலக்கத்துக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. செக்கிழுப்பது ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிய கொடுமை என்பதை ஒரு வக்கீல், ஒரு தலைவர், இழுக்கும்போதுதான் நாம் கண்டுகொண்டோமா? அதே சிறையில் அதே தடியைப் பிடித்த மற்ற கைதிகளின் பெயர்கள் எங்கே? அங்கிருந்து இன்னொரு பெயர்ப் பட்டியலுக்கு மனம் போகிறது. விழுப்புரத்திலிருந்து கூப்பிடு தூரம்தான் புதுச்சேரி, அதன் பஞ்சாலைகளின் சங்கொலிக்கு இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் ஓடியிருக்கிறார்கள். 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்டு நின்ற சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது. ஒவ்வொரு ஜூலை 30க்கும் அவர்களை நினைவுகூர்கிறார்கள், நினைவுகூர வேண்டும். ஆனால் 1898இல் தொடங்கி 2020இல் மூடப்பட்ட புதுச்சேரி ஏ.எப்.டி. மில்லில் முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு தறியின் முன் நின்று, சுடப்படாமலும் சிறைப்படாமலும், காது மந்தமாகி, இருமிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு எந்தத் தேதியும் இல்லை. கொடுத்தவர், கடன்பட்டவர், கொல்லப்பட்டவர், சிறைப்பட்டவர் ஆகிய நால்வருக்கும் நம்மிடம் கல் இருக்கிறது. தினமும் வேலைக்குப் போய்விட்டு வந்தவருக்கு இல்லை.

இந்தப் பக்கத்துச் செக்குகள் ஓய்ந்த கதைக்குள் உலகமே இருக்கிறது. தென்னாற்காட்டின் செம்மண்ணில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை வந்து பிடித்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மூட்டை மூட்டையாகப் புதுச்சேரித் துறையில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போனது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது அதில் ஆட்களோடு மல்லாட்டையும் போனது. நம் வெயிலில் விளைந்த பருப்பு கடல் தாண்டிப் போய் எண்ணெயானது. ஊர்ச்செக்கு எள்ளோடும் இலுப்பையோடும் கொஞ்சம் மல்லாட்டையோடும் தன் வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, பிறகு 1967இல் வந்த டி.எம்.வி. 7 ஆகிய மல்லாட்டை ரகங்கள் ஆந்திரத்துக்கும் கர்நாடகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. அந்த மூன்று எழுத்தில் திண்டிவனம் இருக்கிறது என்பது அங்கே விதைக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. இதற்கிடையே மின்சாரம் வந்தது. ரோட்டரி வந்தது, எக்ஸ்பெல்லர் வந்தது. மாடு அரை நாளில் ஆட்டியதை இயந்திரம் நிமிஷக் கணக்கில் பிழிந்து தள்ளியது. விழுப்புரம் ரயில் தண்டவாளத்தை ஒட்டியும் திண்டிவனம் சாலையோரமும் நெல் மில்களும் எண்ணெய் மில்களும் புகைபோக்கியோடு எழுந்தன. இப்போது அவற்றிலும் பல மூடிக் கிடக்கின்றன. களத்தின் சிமெண்டு வெடிப்பில் ஆடுதீண்டாப்பாளை முளைத்திருக்கிறது, சில களங்கள் கல்யாண மண்டபமாகிவிட்டன, சில மனையாகிவிட்டன. செக்கை ஓய வைத்த மில்லும் ஓய்ந்துவிட்ட பிறகு, ஊர்த்தெருவில் மரச்செக்கு எண்ணெய் என்று பலகை மாட்டிய கடைகள் திறந்திருக்கின்றன. வாகைக் கட்டையில் உரல், மேலே மோட்டார். மணம் நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டிலின் மேல் மாடும் செக்கும் அச்சிட்டிருக்கிறார்கள், ஓட்டுகிறவரின் உருவம் சில படங்களில் இருக்கிறது, சிலவற்றில் அதுவும் இல்லை.

செக்கு திரும்ப ஓட வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. கண் கட்டிய மாடு, போய்ச்சேர ஊர் இல்லாமல் நாள் முழுக்க நடந்தது. பலகைமேல் உட்கார்ந்து தலைசுற்றலைப் பழகிக்கொண்ட பையன் பள்ளிக்கூடம் போகவில்லை. செக்காட்டும் வாணியர் வீட்டுப் பெண்கள் தூக்கிய பாரத்துக்கு யாரும் எடை போடவில்லை. அந்த வட்டம் நின்றது நல்லது. பாழடைந்த ஆலையைப் பார்த்து வருத்தப்படுகிறவர் இதை மறக்கக் கூடாது, நின்றுபோனதில் விடுதலையும் கலந்திருக்கிறது. அதே சமயம், நின்றது நல்லது என்று சொல்லிவிட்டுப் போகிறவர் இன்று வானூர் வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளையும் பார்க்க வேண்டும். கல்மரப் பூங்காவுக்குப் போகும் பக்கத்திலேயே கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் எழுப்பும் புழுதியில் சாலையோரத்து வேம்பு சாம்பல் நிறத்தில் நிற்கிறது. பாறையை இடித்துப் பொடியாக்கும் வேலை ஒரு பாலைவனப் பூங்காவில் காட்சிப் பொருளாக நிற்கும் காலத்திலேயே, அதே வேலையை வாயில் துணி கட்டிக்கொண்டு இங்கே ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பலர். ஒருநாள் அந்தக் கிரஷர்களும் ஓயும். அப்போது அங்கே என்ன மிஞ்சும் என்று யோசித்தால், தண்ணீர் தேங்கிய ஆழமான குழி மிஞ்சும். அந்தக் குழியைப் பார்த்து யாருடைய பெயரை நினைப்பது என்ற கேள்வி அப்போதும் பதில் இல்லாமல் நிற்கும், இன்றே யாரும் எழுதி வைக்காவிட்டால்.

தேய்மானத்தையே கையெழுத்தாகப் படித்துவிடலாமே என்று ஒரு யோசனை அவ்வப்போது வருகிறது. கல்லின் உட்புற வழவழப்பு, விளிம்பில் அரிவாள் விட்ட பள்ளம், இவை போதாதா? அழகான யோசனை, ஆனால் அதில் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. தேய்மானம் எல்லாரையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. விருப்பத்தோடு ஆட்டியவரையும் வேறு வழியில்லாமல் ஆட்டியவரையும், கூலி வாங்கியவரையும் வாங்காதவரையும் அந்த வழவழப்பு வேறுபடுத்திச் சொல்வதில்லை. கல்லைத் தடவிப் பார்த்து நெகிழ்ந்துவிட்டு நடையைக் கட்டுகிறவருக்கு அது வசதி. பெயர் தெரிந்தால் பொறுப்பு வந்துவிடும், ஆட்டியவரின் பேரன் இன்று எந்தத் தெருவில் இருக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று கேட்க வேண்டிவரும். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், ஊர் ஊராகப் போய்ச் செக்குகளைத் தேடிப் பதிவு செய்கிற இளைஞர்களும் இருக்கிறார்கள், அவர்கள் உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் எழுத்துள்ள செக்கு கிடைத்தால் மறுநாள் பத்திரிகையில் செய்தி வருகிறது, எழுத்தில்லாத செக்குக்குச் செய்தி இல்லை. எழுத்தில்லாததுதான் அதிகம், அதன் வரலாறு கல்லில் இல்லாததால் ஊர்ப் பெரியவர்களின் வாயில் மட்டும்தான் மீதி இருக்கிறது. மாட்டுச்செக்கு கடைசியாக ஓடியதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. கல்லுக்கு அவசரம் இல்லை, அவர்களுக்கு இருக்கிறது.

எனவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கல்செக்கு இருந்தால், எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்காதீர்கள். கடைசியாக அதை ஓட்டியது யார் என்று முதலில் கேளுங்கள். ஓட்டியவர் பெயர், எள் கொண்டுவந்த தெருக்கள், எண்ணெய் போன இடங்கள், கூலி என்ன, மாடு யாருடையது, எந்தக் கோயிலுக்கு எண்ணெய் போனது, அந்தக் கோயிலுக்குள் போக முடியாதவர்கள் யார், எல்லாவற்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். செக்கைப் படம் எடுங்கள், அளந்து குறித்துக்கொள்ளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் எழுத்து மூலமாகச் சொல்லி வையுங்கள். திண்டிவனத்தைச் சுற்றி நாற்புறமும் சாலைகள் அகலமாகிக்கொண்டிருக்கின்றன, ஏரிக்கரைகள் பலப்படுத்தப்படுகின்றன. புல்டோசர் ஓட்டுகிறவருக்கு அது வெறும் கல்தான், அவரைக் குறை சொல்ல முடியாது, அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நோட்டை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள். கொடுத்தவர் பெயரைக் கல் காப்பாற்றிவிட்டது, ஆட்டியவர் பெயரை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.